அரசு ஆபீஸ்களில் அவுட்சோர்சிங் ஊழியர்கள்: மேன்பவர் டெண்டர் கம்பெனிகளுக்கு எப்படி கிடைக்கிறது? 3.85% கணக்கு என்ன?

அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், வார்டைச் சுத்தம் செய்யும் தூய்மைப் பணியாளர், அதிகாரியின் காரை ஓட்டும் டிரைவர். இவர்களில் பலர் அரசு ஊழியர்கள் இல்லை. வேலை செய்யும் இடம் அரசு அலுவலகம். ஆனால் சம்பளம் போடுவது ஒரு தனியார் கம்பெனி. அந்த கம்பெனிக்கு ஆட்களை அனுப்பும் உரிமை ஒரு டெண்டர் மூலம் கிடைக்கிறது.

அந்த டெண்டரில் யார் கலந்து கொள்ளலாம்? யாருக்கு கிடைக்கும்? கம்பெனிக்கு இதில் என்ன மிஞ்சும்? ஊழியரின் சம்பளத்துக்கும் பி.எஃப்.புக்கும் யார் பொறுப்பு? விரிவாகப் பார்ப்போம்.

அவுட்சோர்சிங், தற்காலிகம், தினக்கூலி: என்ன வித்தியாசம்?

அரசு அலுவலகங்களில் நிரந்தரம் இல்லாத ஊழியர்கள் எல்லோரையும் பொதுவாக ‘டெம்பரவரி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இதில் வகைகள் உண்டு.

* அரசுத் துறையே நேரடியாக ஒப்பந்தம் போட்டு, மாதம் இவ்வளவு என்று தொகுப்பூதியத்தில் எடுப்பவர்கள் ஒரு வகை.
* மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலிக்கு, அதாவது பேச்சுவழக்கில் ‘கலெக்டர் ரேட்’டுக்கு வேலை செய்பவர்கள் இன்னொரு வகை.
* ஏஜென்சி எனப்படும் மேன்பவர் கம்பெனி மூலம் வருபவர்கள் மூன்றாவது வகை. இவர்களைத்தான் அவுட்சோர்சிங் ஊழியர்கள் என்கிறார்கள்.

முதல் இரண்டு வகையில் ஊழியரும் அரசும் நேருக்கு நேர். மூன்றாவது வகையில் நடுவில் ஒரு கம்பெனி இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் அரசு அலுவலகம் ‘முதன்மை வேலையளிப்பவர்’. கம்பெனி ‘ஒப்பந்ததாரர்’. ஊழியர் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’. இந்த மூன்று பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வராத மாதத்தில் யாரைக் கேட்பது என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

டெண்டர் எங்கே வரும்?

மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ‘ஜெம்’ எனப்படும் அரசு மின்-சந்தை தளம். 2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி எண் 149-ன்படி, இந்தத் தளத்தில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் மத்திய அரசுத் துறைகள் இங்குதான் வாங்க வேண்டும். ஆட்களை அனுப்புவதும் இங்கே ஒரு ‘சேவை’.

ஜெம் தளத்தில் மேன்பவர் டெண்டர் முக்கியமாக இரண்டு வடிவில் வரும். ஒன்று, குறைந்தபட்ச ஊதியத்தை அடிப்படையாக வைத்தது. செக்யூரிட்டி, தூய்மைப் பணி, உதவியாளர் போன்ற வேலைகள் பெரும்பாலும் இதில் வரும். இன்னொன்று, நிலையான ஊதியம். கன்சல்டன்ட், புரோகிராமர், அக்கவுண்டன்ட் போன்றோருக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்று துறையே சொல்லிவிடும்.

தமிழ்நாடு அரசுத் துறைகள், மாநகராட்சிகள், வாரியங்கள் என்றால் மாநில அரசின் மின்-டெண்டர் தளத்தைப் பார்க்க வேண்டும். இங்கே அடிப்படைச் சட்டம், தமிழ்நாடு டெண்டர்களில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998. அதன் விதிகள் 2000-ல் வந்தன. இந்த விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேல் என்றால் 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். இந்த அவகாசத்தைக் குறைத்து அவசர அவசரமாக டெண்டர் விட்டால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயம். எல்லா வேலையும் தனியாருக்குப் போவதில்லை. உதாரணமாக, தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான ‘டெக்ஸ்கோ’ 1986 முதல் செயல்படும் அரசு நிறுவனம். முன்னாள் ராணுவத்தினரை செக்யூரிட்டி வேலைக்கு அரசு அலுவலகங்களுக்கு அனுப்புகிறது. ஆகவே செக்யூரிட்டி வேலைக்கு முயற்சி செய்யும் தனியார் கம்பெனி இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கம்பெனிக்கு என்னென்ன பேப்பர் வேண்டும்?

டெண்டர் அறிவிப்பு வந்த பிறகு பேப்பர் தேட ஆரம்பித்தால் நேரம் போதாது. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை:

* பான், ஜிஎஸ்டி பதிவு, கம்பெனி அல்லது கூட்டு நிறுவனப் பதிவுச் சான்று
* பி.எஃப். கோடு எண், இ.எஸ்.ஐ. கோடு எண்
* தொழிலாளர் துறையின் ஒப்பந்ததாரர் லைசென்ஸ்
* கடைசி 3 ஆண்டு டர்ன்ஓவருக்கு ஆடிட்டர் சான்று, வருமான வரிக் கணக்கு
* இதே மாதிரி வேலையை முன்பு செய்ததற்கான ஒர்க் ஆர்டர், முடித்ததற்கான சான்று
* எந்தத் துறையும் தங்களை பிளாக்லிஸ்ட் செய்யவில்லை என்ற உறுதிமொழி
* ஆன்லைனில் கையெழுத்துப் போட டிஜிட்டல் கையொப்பச் சான்று

செக்யூரிட்டி ஆட்களை அனுப்ப வேண்டுமானால் இவை மட்டும் போதாது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-ன் கீழ் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாமல் அந்த டெண்டர் பக்கமே போக முடியாது.

பணமும் கட்ட வேண்டும். மத்திய அரசு விதிகளின்படி டெண்டர் போடும்போது இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை, மதிப்பிட்ட தொகையில் 2 முதல் 5 சதவீதம். டெண்டர் கிடைக்காவிட்டால் இது திரும்பி வந்துவிடும். கிடைத்த பிறகு பெர்ஃபார்மன்ஸ் செக்யூரிட்டி 3 முதல் 10 சதவீதம். இதை பெரும்பாலும் பேங்க் கேரண்டியாகக் கொடுப்பார்கள். ஒப்பந்தம் முடியும் வரை இந்தத் தொகை அப்படியே நிற்கும்.

புது கம்பெனி, சின்ன கம்பெனிக்கு வழி உண்டா?

உண்டு. மத்திய அரசின் 2012-ம் ஆண்டு கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். இதற்குள் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு 4 சதவீதமும், பெண் உரிமையாளர்களுக்கு 3 சதவீதமும் உள் ஒதுக்கீடு. ‘உத்யம்’ பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு இ.எம்.டி. கட்டுவதிலிருந்து விலக்கு கிடைக்கும்.

ஆனால் நடைமுறையில் சின்ன கம்பெனியைத் தடுக்கும் சுவர் வேறு. அதுதான் ‘முன் அனுபவம்’. “கடந்த 3 ஆண்டுகளில் இத்தனை பேரை ஒரே ஒப்பந்தத்தில் அனுப்பியிருக்க வேண்டும்” என்று ஒரு வரி இருந்தால், புதியவர்கள் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதனால் சிறிய கம்பெனிகள் முதலில் 5 பேர், 10 பேர் கேட்கும் சின்ன அலுவலக டெண்டர்களில் தொடங்கி, அந்தச் சான்றை வைத்து அடுத்த படிக்குப் போவது வழக்கம்.

டெண்டர் ஆவணத்தில் ஒரு நிபந்தனை புரியவில்லை அல்லது நியாயமில்லை என்றால், கடைசி தேதிக்கு முன் கேள்வி கேட்க வசதி உண்டு. டெண்டருக்கு முந்தைய கூட்டத்திலோ ஆன்லைனிலோ கேட்கலாம். கவர் திறந்த பிறகு “இந்த நிபந்தனையே தப்பு” என்று சொல்வது எடுபடுவது கஷ்டம்.

இரண்டு கவர் முறை என்பது என்ன?

பெரும்பாலான மேன்பவர் டெண்டர்கள் இரண்டு கவர் முறையில் வரும். முதல் கவர் டெக்னிக்கல். மேலே சொன்ன பேப்பர்கள் எல்லாம் இதில். இரண்டாவது கவர் விலை. முதல் கவரில் பாஸ் ஆனவர்களின் இரண்டாவது கவரை மட்டும்தான் திறப்பார்கள். காலாவதியான லைசென்ஸ், கையெழுத்து இல்லாத உறுதிமொழி, தெளிவில்லாத ஸ்கேன் காப்பி என ஏதாவது ஒன்று இருந்தாலும், குறைந்த விலை சொன்ன கம்பெனியும் முதல் கவரோடு வெளியே போக நேரிடும்.

விலைக் கவரில் யார் குறைவாகச் சொன்னார்களோ அவர்தான் ‘எல்-1’. தமிழ்நாடு சட்டத்திலும், தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் டெண்டர் என்பது அடிப்படை. மத்திய அரசு 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சில சேவைகளுக்கு தரத்தையும் மதிப்பெண்ணாகச் சேர்க்க அனுமதித்தது. அப்படிச் சேர்த்தாலும் தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம்தான். மீதி எல்லாம் விலைதான்.

சம்பளம் ஃபிக்ஸ் என்றால் போட்டி எதில்?

இங்குதான் மேன்பவர் டெண்டர் மற்ற டெண்டரிலிருந்து மாறுபடுகிறது. ரோடு போடும் டெண்டரில் ஜல்லி, தார், கூலி என எதிலும் கம்பெனி விலையைக் குறைத்துப் பார்க்கலாம். மேன்பவரில் ஊழியரின் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சதவீதம் சட்டத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டியும் அப்படித்தான். இவை எல்லா கம்பெனிக்கும் ஒன்றே.

அப்படியானால் மாறக்கூடியது ஒன்றே ஒன்று. கம்பெனி தனக்கு எடுத்துக்கொள்ளும் ‘சர்வீஸ் சார்ஜ்’. மொத்தப் போட்டியும் இந்த ஒரு எண்ணில்தான்.

இந்தப் போட்டி ஒரு காலத்தில் எங்கே போனது தெரியுமா? சர்வீஸ் சார்ஜே வேண்டாம், பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2014 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒரு உத்தரவு போட்டது. கட்டணம் பூஜ்யம் என்று எழுதினால் அந்த டெண்டரை ஏற்கக் கூடாது என்றது. அதன் பிறகு பூஜ்யத்துக்குப் பதிலாக 0.01 என்று எழுதுவது வந்தது.

இதற்கு ஒரு தடையாகத்தான், ஜெம் தளத்தின் மேன்பவர் டெண்டர்களில் குறைந்தபட்ச சர்வீஸ் சார்ஜ் 3.85 சதவீதம் என்ற வரம்பு 2023-ல் வந்தது. இது மத்திய அரசின் கொள்முதலுக்கானது. மாநில அரசு டெண்டர்களில் அந்தந்த டெண்டர் ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி.

3.85 சதவீதத்தில் கம்பெனிக்கு என்ன மிஞ்சும்?

ஒரு உதாரணக் கணக்கு. ஒரு அலுவலகத்துக்கு 50 டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்கள் வேண்டும். ஒருவருக்கு மாதச் சம்பளம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம்.

* சம்பளம்: ரூ.15,000
* பி.எஃப். வேலையளிப்பவர் பங்கு, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் சேர்த்து 13%: ரூ.1,950
* இ.எஸ்.ஐ. வேலையளிப்பவர் பங்கு 3.25%: ரூ.487.50
* கூட்டினால்: ரூ.17,437.50
* இதன் மீது சர்வீஸ் சார்ஜ் 3.85%: ரூ.671.34
* இதுவரை மொத்தம்: ரூ.18,108.84
* ஜிஎஸ்டி 18%: ரூ.3,259.59
* ஒரு ஊழியருக்கு அரசு தரும் தொகை: ரூ.21,368.43

50 பேருக்கு மாதம் சுமார் ரூ.10.68 லட்சம். ஆண்டுக்கு ரூ.1.28 கோடி. வெளியிலிருந்து பார்த்தால் “ஒன்றேகால் கோடி டெண்டர்”. ஆனால் இதில் கம்பெனியின் பங்கு மாதம் ரூ.33,567 மட்டும்தான். இந்தத் தொகையில்தான் சூப்பர்வைசர், ஆபீஸ் வாடகை, பி.எஃப். கணக்கு பார்க்கும் ஆள், பேங்க் கேரண்டி செலவு எல்லாம் வர வேண்டும்.

இன்னொரு பக்கம் ஊழியரைப் பாருங்கள். அரசு அவருக்காகச் செலவு செய்வது ரூ.21,368. அவர் பங்கு பி.எஃப். 12 சதவீதம் ரூ.1,800, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் ரூ.112.50 பிடித்தது போக கைக்கு வருவது ரூ.13,087.50. “எனக்காக 21 ஆயிரம் தருகிறார்கள், கையில் 13 ஆயிரம்தான் வருகிறது, மீதியை கம்பெனி எடுத்துக்கொள்கிறது” என்று ஊழியர்கள் சொல்வதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். இந்தக் கணக்கில் இடைவெளியின் பெரும்பகுதி ஜிஎஸ்டியும் பி.எஃப்.பும். ஆனால் அந்த பி.எஃப். உண்மையில் கணக்கில் ஏறியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

குறிப்பு: பஞ்சாயத்து, நகராட்சிப் பணிகள் சார்ந்து அரசுக்கும் உள்ளாட்சிக்கும் தரப்படும் சில சேவைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. டெண்டர் போடும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பில் பணம் வரும் வரை யார் தாங்குவது?

லாபக் கணக்கை விட முக்கியமானது இது. ஊழியருக்கு அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆனால் துறையிலிருந்து பில் பணம் வர வருகைப் பதிவேடு சரிபார்ப்பு, அதிகாரி கையெழுத்து, கருவூலம் என்று பல படிகள். நிதி ஒதுக்கீடு வரவில்லை என்றால் இன்னும் தாமதம்.

மூன்று மாதம் பில் நின்றால் என்ன ஆகும்? மேலே உள்ள 50 பேருக்கு சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மட்டும் ரூ.26.16 லட்சம் கம்பெனி கையிலிருந்து போக வேண்டும். இந்தப் பணத்தை ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால், மாத வட்டி சுமார் ரூ.26,156. சர்வீஸ் சார்ஜ் ரூ.33,567-ல் வட்டி போக மிஞ்சுவது ரூ.7,411.

இதோடு முடியவில்லை. பில் போட்ட மாதத்துக்கான ஜிஎஸ்டி ரூ.1.63 லட்சத்தை, துறை பணம் தந்ததோ இல்லையோ, அடுத்த மாதம் கட்டியாக வேண்டும். துறை பணம் தரும்போதும் முழுதாக வராது. கம்பெனி என்றால் வருமான வரி டிடிஎஸ் 2 சதவீதம், ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஜிஎஸ்டி நீங்கலான பில் தொகையில் இது ரூ.36,218. அதாவது சர்வீஸ் சார்ஜை விட பிடித்தம் அதிகம். இந்தப் பணம் பிறகு வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் அல்லது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அதுவும் கம்பெனியின் கைப்பணம்தான்.

ஆகவே இந்த டெண்டரை எடுக்க குறைந்த விலை சொல்வது ஒரு தகுதி. மூன்று மாதம் பில் வராவிட்டாலும் 7-ம் தேதி சம்பளம் போட முடியும் என்பது அதை விடப் பெரிய தகுதி. முதல் தகுதியை டெண்டர் சோதிக்கிறது. இரண்டாவதை ஆண்டு டர்ன்ஓவர், சால்வன்சி சான்று வழியாக ஓரளவுக்குத்தான் சோதிக்க முடிகிறது.

தாமதத்துக்கு சட்டத்தில் மருந்து உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்காக மாநிலங்களில் தீர்வுக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்த ஆண்டு அதே துறையில் டெண்டர் போட வேண்டிய கம்பெனி, அந்தத் துறை மீதே புகார் கொடுக்கத் தயங்கும்.

எல்லோரும் 3.85 என்றே எழுதினால்?

வரம்பு வந்த பிறகு அதுதான் நடக்கிறது. பலரும் அதே குறைந்தபட்ச எண்ணை எழுதுகிறார்கள். எல்லோருமே எல்-1. அப்போது ஜெம் தளத்தில் கணினியே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. கிட்டத்தட்ட குலுக்கல்தான்.

இதனால் போட்டி விலையிலிருந்து நிபந்தனைக்கு நகர்ந்திருக்கிறது. அனுபவம் எத்தனை ஆண்டு, டர்ன்ஓவர் எவ்வளவு, அந்த ஊரில் ஆபீஸ் இருக்க வேண்டுமா என்பதையெல்லாம் எழுதும் இடத்தில்தான் இப்போது பலரின் வெற்றி தோல்வி முடிவாகிறது. நிபந்தனை நியாயமாக இருந்தால் நல்ல கம்பெனி வரும். ஒரே ஒருவருக்குப் பொருந்துகிற மாதிரி எழுதினால் டெண்டர் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

தமிழ்நாடு டெண்டரில் முடிவு தவறு என்று நினைக்கும் கம்பெனி, 1998 சட்டத்தின் 11-வது பிரிவின்படி 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகும் உயர் நீதிமன்றம் போக வழி உண்டு.

கணக்கு இடித்தால் அடி யாருக்கு?

குறைந்தபட்ச வரம்பு இல்லாத ஒரு டெண்டரில் ஒரு கம்பெனி 1 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் என்று எழுதி எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதே 50 பேருக்கு மாதம் கிடைப்பது ரூ.8,719. மூன்று மாதத் தாமதத்தின் வட்டியே ரூ.26 ஆயிரம். மீதி எங்கிருந்து வரும்?

கம்பெனி தொடர்ந்து நஷ்டத்தில் ஓடாது. பணம் வரக்கூடிய இடங்கள் சிலதான். சம்பளத்தைத் தள்ளிப் போடுவது. பிடித்த பி.எஃப்.பைக் கட்டாமல் வைத்திருப்பது. 50 பேருக்கு பில் போட்டு 45 பேரை அனுப்புவது. வேலையில் சேரும்போதே ‘டெபாசிட்’, ‘யூனிஃபார்ம் காசு’ என்று வாங்குவது. சம்பளத்தை பேங்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்பக் கேட்பது. இவை எல்லாமே சட்டத்துக்கு விரோதம். ஆனால் சர்வீஸ் சார்ஜ் எண் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும்போதே இந்த ஆபத்து தெரிந்துவிடுகிறது. அந்த எண்ணை ஏற்று கையெழுத்துப் போடும் அதிகாரிக்கும் அது தெரியாமல் இருக்காது.

கம்பெனி சம்பளம் தரவில்லை என்றால் அரசு பொறுப்பா?

ஆம். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-லேயே இது இருந்தது. ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும். பிறகு அந்தத் தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1970 சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2020. இதில் கவனிக்க வேண்டியவை:

* சம்பளம் தராத ஒப்பந்ததாரருக்குப் பதில் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்ற பொறுப்பு தொடர்கிறது.
* இந்தச் சட்டம் பொதுவாக அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் விஷயத்தில் பொருந்தும் என்று சட்டத்திலேயே தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.
* முன்பு 20 பேர் என்றிருந்த எண்ணிக்கை வரம்பு, ஒப்பந்தத் தொழிலாளர் பிரிவுக்கு இப்போது 50 பேர்.
* ஒப்பந்ததாரர் லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.
* தொழிலாளி கேட்டால் ஒப்பந்ததாரர் அனுபவச் சான்று தர வேண்டும்.

50 என்ற புதிய எண் முக்கியம். 20 முதல் 49 பேர் வரை அனுப்பும் சிறிய கம்பெனிகளுக்கு லைசென்ஸ் சுமை குறைகிறது. அதே நேரத்தில் அந்த ஊழியர்கள் இந்தப் பிரிவின் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. விதிகள்தான் அவர்களுக்குப் பிடிமானம்.

பல வருஷம் வேலை செய்தால் பெர்மனென்ட் ஆகுமா?

தானாக ஆகாது. 2001-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தானாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாக ஆகிவிட மாட்டார்கள் என்றது. 2006-ல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. ஆனால் 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக ஆள் வைப்பதையும், அவுட்சோர்சிங்கை கேடயமாகப் பயன்படுத்துவதையும் கடுமையாக விமர்சித்தது.

கம்பெனி மாறுவது ஊழியருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2025-ல் சென்னை பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குப் போனதை எதிர்த்து, ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் போராடினார்கள். சம்பளம் குறையும், வேலைப் பாதுகாப்பு போகும் என்பது அவர்களின் பயம். உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அது ஆட்களை மட்டும் அனுப்பும் ஒப்பந்தம் இல்லை, முழுத் தூய்மைப் பணியையும் ஒப்படைக்கும் ஒப்பந்தம். ஆனால் கேள்வி ஒன்றுதான். நேற்று செய்த அதே வேலை, அதே தெரு. சம்பளம் போடும் கை மட்டும் மாறினால் ஊழியரின் நிலை என்ன?

டெண்டர் போடும் முன் கம்பெனி பார்க்க வேண்டியவை

* அந்தத் துறை பழைய ஒப்பந்ததாரருக்கு எத்தனை நாளில் பணம் தந்தது என்று விசாரியுங்கள்.
* மூன்று மாதச் சம்பளத்துக்கு கையில் பணமோ, வங்கி ஓ.டி. வசதியோ இருக்கிறதா என்று பாருங்கள்.
* ஒப்பந்தக் காலத்தில் குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தால் துறை கூடுதல் தொகை தருமா என்ற வரியைத் தேடுங்கள். மத்திய அரசின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 1, அக்டோபர் 1 தேதிகளில் மாறும். தமிழ்நாட்டில் ஏப்ரலில் மாறும்.
* போனஸ், லீவு சம்பளம், ரிலீவர் செலவு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா?
* ஆள் வராத நாளுக்கு அபராதம் எவ்வளவு? சில டெண்டர்களில் இந்த ஒரு வரியே மொத்த லாபத்தையும் தின்றுவிடும்.

ஊழியர் பார்க்க வேண்டியவை

* வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் சம்பளம், பிடித்தம், கம்பெனி பெயர் இருக்க வேண்டும்.
* யு.ஏ.என். எண்ணும் இ.எஸ்.ஐ. எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள்.
* ‘உமங்’ ஆப்பில் பி.எஃப். பாஸ்புக்கை மாதா மாதம் பாருங்கள். யு.ஏ.என்.னில் பதிவு செய்த மொபைலிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு விவரம் வரும்.
* வேலை தருகிறேன் என்று யார் டெபாசிட் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அரசு அலுவலகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் போலீஸில் புகார் கொடுங்கள்.
* சம்பளம் நின்றால் கம்பெனிக்கு மட்டுமல்ல, வேலை செய்யும் அலுவலகத்தின் தலைவருக்கும் எழுத்தில் மனு கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாநில அலுவலகம் என்றால் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்திலும், மத்திய அலுவலகம் என்றால் மத்திய மண்டல தொழிலாளர் ஆணையர் அலுவலகத்திலும் புகார் செய்யலாம்.
* ஒப்பந்தத்தில் உங்கள் பணிக்கு அரசு எவ்வளவு தருகிறது என்று தெரிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் துறையிடம் ஒர்க் ஆர்டர் நகல் கேட்கலாம்.

மொத்தத்தில்...

மேன்பவர் டெண்டர் கிடைப்பது பெரிய ரகசியம் இல்லை. பேப்பர் சரியாக இருக்க வேண்டும், அனுபவச் சான்று இருக்க வேண்டும், விலை வரம்புக்குள் இருக்க வேண்டும். எடுத்த பிறகு நடத்துவதுதான் கஷ்டம். அரசு பில்லைத் தாமதித்தால் கம்பெனி தவிக்கும். கம்பெனி தவித்தால் மாதம் 13 ஆயிரம் வாங்கும் ஊழியரின் வீட்டில் வாடகை நிற்கும். குறைந்த விலை என்று அரசு மிச்சம் பிடிப்பது ஒரு ஊழியருக்கு மாதம் சில நூறு ரூபாய். அது தவறிப்போனால் ஊழியர் இழப்பது ஒரு மாதச் சம்பளம். டெண்டர் திறக்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.